முதல் தட்டு

ஐந்தாவது டம்ளரைக் கையில் வாங்கியதுமே அய்யலுசாமிக்குத் தெரிந்துபோயிற்று, இது தொண்டைக்குக் கீழே இறங்காது. உப்புத் தண்ணீருக்கு எலுமிச்சம்பழ வாசனை போட்டு மறைத்திருக்கிறார்களாம். மறைத்த லட்சணம் குடிக்கிறவனுக்குத்தான் தெரியும், மூக்குக்கு எலுமிச்சை, நாக்குக்குத் தூத்துக்குடிக் கடல். "மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா விடுங்க" என்றாள் சீனியம்மாள். அவள் மடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் இருந்தது, டம்ளருக்கு ஒரு கட்டம், குடித்து முடித்ததும் ஒரு டிக். முப்பத்திரண்டு வருஷத்தில் புருஷன் அவள் சொன்னபடி கேட்டு ஒன்றைக் குடிப்பது இதுதான் முதல் தடவை, அதில் அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி இருக்கத்தான் செய்தது. கால் மணிக்கு ஒரு டம்ளர், மொத்தம் எட்டு. ஏழு மணிக்குத் தொடங்கியது, ஒன்பதுக்குள் முடியவேண்டும், அதற்குள் வயிறு அலசிவிட்ட பானைபோலச் சுத்தமாகிவிட வேண்டும், பதினோரு மணிக்கு டாக்டர் பின்பக்கமாகக் குழாயை விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார். எட்டு மாதமாக வருகிற ரத்தம் எங்கிருந்து வருகிறது, மூலமா, கட்டியா, கட்டியென்றால் என்ன கட்டி. அந்தக் கடைசிக் கேள்விக்கான வார்த்தையை டாக்டரும் சொல்லவில்லை, அய்யலுசாமியும் சொல்லவில்லை, சீனியம்மாளும் சொல்லவில்லை. விடியற்காலையில் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு வந்த ஒரு மணி நேரமும் அந்த வார்த்தை காரின் பின் சீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துதான் வந்தது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக்கென்று விழுங்கினார். பதினோரு மணி. இருபத்து நாலு மணி நேரத்தில் இவர்களுக்கு வேறு மணியே அகப்படவில்லையா என்று நினைத்தார்.

ஏனென்றால் பதினோரு மணி அவருடைய மணி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அவருடைய கம்மஞ்சோற்றுக் கடையில் பதினோரு மணிக்குத்தான் முதல் தட்டு. கம்மஞ்சோறு, கெட்டி மோர், கொள்ளில் அரைத்த கானத்துவையல், உரித்த வெங்காயம். அந்த முதல் தட்டை வாசலைப் பார்த்த முன் மேசையில் போட்டு, நாலு பேர் பார்க்க, முதலாளி தின்பார். தின்று ஏப்பம் விட்டுக் கை கழுவிய பிறகுதான் மற்றவர்களுக்கு இலை. பதினாலு வருஷமாக ஒருநாள் தப்பியதில்லை. அதற்கு முன்னால் அதே இடத்தில் புரோட்டாக் கடை வைத்திருந்தவர்தான் அவர். சர்க்கரை நானூறைத் தொட்டு, கால் மரத்துப்போய், கம்புக்கு மாறினார். சர்க்கரை இறங்கியது, இவர் ஏறிக்கொண்டார். புதுசாக மாலை போட்டவன்தான் சரணத்தைச் சத்தமாகச் சொல்லுவான். புரோட்டாக் கல்லைத் தூக்கி எறிந்தார், மைதா மூட்டையை எறிந்தார், தவிடு நீக்காத தானியம் தவிர ஒரு பருக்கை இந்தப் படி ஏறாது என்று சத்தியம் செய்தார். முதல் மாதம் ஈ கூட வரவில்லை. எட்டிப் பார்த்தவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் அவர் வந்தார், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த தவசிலிங்கம், காக்கிச் சட்டையோடு, தோல் பையோடு, வாசலில் நின்றுகொண்டே சொன்னார், "முதல்ல நீரு தின்னும்வே. ஒமக்கு ஒண்ணும் ஆகலன்னா நாங்க திங்கோம்." எல்லோரும் சிரித்தார்கள். அய்யலுசாமி ரோஷத்தோடு ஒரு தட்டைப் போட்டு உட்கார்ந்து தின்றார். தவசிலிங்கமும் எதிரே உட்கார்ந்து தின்றார். அன்றைக்குத் தொடங்கியதுதான். ஒமக்கு ஒண்ணும் ஆகலன்னா. ஏன் இப்போது நினைத்தோம், நினைத்திருக்க வேண்டாம். நினைக்காமல் இருந்தால் மட்டும் இல்லாமலா போய்விடும்.

ஆறாவது டம்ளர். "ரெண்டு நிமிசம் லேட்டு" என்றாள் சீனியம்மாள். போன வாரம் டாக்டர் கொடுத்த பத்தியத் தாளை அவள்தான் சத்தமாக வாசித்தாள். குழாய் விடுவதற்கு முன்னால் மூன்று நாளைக்குத் தவிடு உள்ள தானியம் எதுவும் கூடாது, கீரை கூடாது, விதை உள்ள காய் கூடாது. வெள்ளை அரிசிச் சோறு, இட்லி, மைதா ரொட்டி, மோர் சாப்பிடலாம். வாசித்துவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினாலு வருஷமாக அவர் ஊரெல்லாம் எதைத் தின்னாதே என்றாரோ அதைத்தான் தின்னச் சொல்லி எழுதியிருக்கிறது, எதைத் தின்னு என்றாரோ அதைத் தொடாதே என்று எழுதியிருக்கிறது. அவரும் சிரித்தார். சரி, மூன்று நாள்தானே. மத்தியானம் கேரியரில் வெள்ளைச்சோறு கொடுத்துவிடுகிறேன், கடையின் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றாள், சரி என்றார். எல்லாம் சரிதான், பதினோரு மணிக்கு என்ன செய்வது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முன் மேசையில் தட்டு வந்தது. வாசலில் ஆறு பேர் நின்றார்கள். இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பார்கள். வயிறு சரியில்லை என்றால், கம்மஞ்சோற்றுக் கடைக்காரனுக்கே வயிறு சரியில்லையாம் என்று மத்தியானத்துக்குள் கதிரேசன் மலை வரைக்கும் பேச்சு போய்விடும். ஒரு கை தின்றால் என்ன, ஒரு கை. ஒரு கை தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான். முழுத் தட்டையும் தின்றார். சனிக்கிழமையும் தின்றார். நேற்று ஞாயிற்றுக்கிழமை, நேற்றுக்கூட, துவையலை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தின்றார், ஏதோ துவையலில்தான் குற்றம் முழுவதும் இருப்பதுபோல. பிறகு இரண்டு மணிக்குப் பின்கட்டில் உட்கார்ந்து கேரியரைத் திறந்து வெள்ளைச்சோற்றையும் தின்றார், தாள் சொன்னபடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், அவர் சோற்றைச் சோற்றில் மறைத்தார்.

வயிறு இரைந்தது. எழுந்து போனார். பச்சைக் கவுனுக்கு முடிச்சு பின்னால், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தேழு வயதில் இப்படி ஒரு நடை. காலையிலிருந்து ஒன்பதாவது தடவை. உட்கார்ந்தால் தண்ணீராகப் போகிறது, குழாயைத் திறந்துவிட்டதுபோல. முடிந்ததும் எழுந்து திரும்பிப் பார்க்க வேண்டும், அது சிஸ்டரின் உத்தரவு, என்ன நிறம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக அவர் திரும்பிப் பார்க்காமலே தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தவர். முதல் தடவை பார்த்தபோது பீட்ரூட் தின்றோமோ என்று யோசித்தார். தின்னவில்லை. இரண்டாவது தடவை மூலம் என்று முடிவுகட்டினார். மூன்றாவது தடவையிலிருந்து பார்ப்பதை விட்டுவிட்டார். பார்க்காதவரைக்கும் அது மூலம். இப்போது பார்த்தார். மஞ்சள் தண்ணீர், சிறுநீர் மாதிரி, அது நல்லதுதான், சிஸ்டர் சொன்ன நிறம்தான். ஆனால் அடியில், பீங்கானின் வளைவில், சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். பார்க்காமலே தெரியும். பதினாலு வருஷமாகக் கையால் அளைந்தது, இருட்டில் காட்டினாலும் சொல்லுவார். கம்பின் தோல். எல்லாம் கழுவிக்கொண்டு போன பிறகும் போகமாட்டேன் என்று உள்ளே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. நார்ச்சத்து அப்படித்தான், செரிக்காது, அதுதான் அதன் குணம், அதுதான் அதன் நன்மை என்று அவரே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். கதவுக்கு வெளியே சீனியம்மாளின் குரல், "ஏங்க, தெளிஞ்சிருச்சா?" தண்ணீரை அமுக்கினார். ஒட்டியது போகவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். "தெளிஞ்சிருச்சு" என்றார். அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிட்டது.

ஏழாவது, எட்டாவது. எப்படி இறங்கின என்று அவருக்கே தெரியாது. சீனியம்மாள் கடைசி டிக்கைப் பெரிதாகப் போட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தாள், பரீட்சை எழுதி முடித்த பிள்ளைக்குத் தாய் பேனாவை மூடி வைப்பதுபோல. இனிமேல் தண்ணீரும் கூடாது. நீல நாற்காலி, எதிரே சுவர்க் கடிகாரம், ஒன்பது பத்து. ஏசி சரியாகக் கவுனின் திறந்த பக்கமாகப் பார்த்து அடித்தது. சொல்லிவிடலாமா. இப்போது சொன்னால் என்ன ஆகும், இன்றைக்கு இல்லை, இன்னொரு நாள் வா என்பார்கள், மறுபடியும் எட்டு டம்ளர், மறுபடியும் இந்தக் கவுன். அது போகட்டும். சீனி என்ன சொல்லுவாள். அவள் மூன்று நாளாக அரிசியை மூன்று தண்ணீர் கழுவிக் குழைய வடித்துக் கேரியரில் வைத்து அனுப்பியவள். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது, கொஞ்சம் தோல்தானே, குழாயில் விளக்கு இருக்கிறது, டாக்டருக்குக் கண் இருக்கிறது. ஆனால் அந்தத் தோல் போய் ஒரு சின்னக் கட்டியின்மேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால். டாக்டர் அதைத் தாண்டிப் போய்விட்டால். குடல் சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமில்லை, மூலம்தான், போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டால். அப்படிச் சொல்லமாட்டாரா என்றுதானே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்படிச் சொல்லிவிடுவாரோ என்றும் அடித்துக்கொள்கிறது. எதற்குப் பயப்படுகிறோம் என்றே பிடிபடாத ஒரு பயம். மனதுக்குள்ளேயே ஒருத்தன் உட்கார்ந்து வக்கீல் வேலை பார்த்தான், முப்பது வருஷம் புரோட்டா தின்ற குடல், பதினாலு வருஷக் கம்பு அதைக் கழுவாமலா விட்டிருக்கும் என்று. அப்படியானால் ரத்தம் ஏன் வருகிறது என்று இன்னொருத்தன் கேட்டான்.

அந்தப் பேப்பர் துண்டு. கல்லாவுக்கு மேலே லேமினேட் செய்து மாட்டியிருக்கிறாரே அது. முழு தானியம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் புற்று வரும் ஆபத்து குறைகிறது என்று ஏதோ ஆராய்ச்சியைப் பற்றி வந்த செய்தி. செய்தி சின்னதாக இருக்கிறது, யாரும் நின்று வாசிக்கமாட்டார்கள் என்று அதற்கு மேலே ஒரு போர்டில் பெயிண்டரை வைத்துப் பெரிதாக எழுதினார். அய்யலுசாமி கடையில் தின்பவனுக்குக் குடல் நோய் கிடையாது. பெயிண்டர்கூட ஏணியில் நின்றுகொண்டு கேட்டான், கிடையவே கிடையாதா முதலாளி என்று. கிடையவே கிடையாதுடா, எழுது என்றார். போன வாரம் டாக்டர் முகைதீனிடம் இதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்டார், "சார், பதினாலு வருசமா தவிட்டோட திங்கவன் சார் நான். எனக்கு வருமா?" டாக்டருக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "நல்ல விசயம்தான் ஐயா, விட்டுறாதீங்க. ஆனா குடை பிடிச்சா நனையது குறையும், அவ்வளவுதான். மழை நிக்காதுல்லா. ரத்தம் வந்தா பாத்துரணும்." குடை பிடிச்சா மழை நிக்காதுல்லா. அன்றைக்கு அது நல்ல பேச்சாகத்தான் பட்டது, கடைக்கு வருகிறவர்களிடம் எடுத்துச் சொல்லலாம் என்றுகூட நினைத்தார். இரண்டு நாள் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சொல் திரும்பி வந்து சுருக்கென்று குத்தியது. யாரிடம் எடுத்துச் சொல்வது. யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

தவசிலிங்கம். வேண்டாம் வேண்டாம் என்று சுற்றிப் போனாலும் எண்ணம் அங்கேதான் போய் முட்டிக்கொண்டு நின்றது. போன வருஷம் ஐப்பசி, வெளியே மழை, கடையில் வேறு ஆள் இல்லை. ரிட்டயர் ஆகி ஏழு வருஷமாகியும் பதினோரு மணிக்கு எதிர் நாற்காலிக்கு வருவதை அவர் விடவில்லை. அன்றைக்குத் தின்று கை கழுவிவிட்டுத் துண்டால் துடைத்தார், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார், பிறகு பக்கத்தில் வந்து, பஸ்ஸில் சில்லறை இல்லாதவனிடம் பேசுகிற கனத்த குரல் அன்றைக்கு எங்கே போயிற்றோ, மெதுவாகச் சொன்னார், "அய்யலு, காலையில வெளிய போனா ரத்தமா போகுதுய்யா." அய்யலுசாமி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதுதான் இப்போது அறுக்கிறது, ஒரு கணம்கூட. "மூலம்ணே. நார்ச்சத்து பத்தல. ராத்திரியும் கேப்பைக் கூழு குடிங்க. ஒரு மண்டலம் பாருங்க, தானா நின்னுரும்." அவர் தலையை ஆட்டினார். பிறகு கேட்டார், "டாக்டர்ட்ட ஒருவாட்டி காட்டிரட்டா?" அதற்கு அய்யலுசாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார், "டாக்டர் என்னத்தச் சொல்லப்போறான், டியூப விடணும்பான். உங்க வயசுக்கு அதெல்லாம் எதுக்குண்ணே. கம்பு பாத்துக்கிடும்." அந்த மண்டலம்கூட முடியவில்லை. கார்த்திகையில் அய்யலுசாமிக்கே ரத்தம் வர ஆரம்பித்தது. அன்றிலிருந்து எதிர் நாற்காலியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்க வாய் வரும், நின்றுவிட்டதா அண்ணே என்று. கேட்கவில்லை. நின்றுவிட்டது என்றால் சந்தோஷம், நிற்கவில்லை என்று சொல்லிவிட்டால்? தன்னுடையது மூலம் என்றால் அவருடையதும் மூலம். அவருடையது மூலம் இல்லையென்றால் தன்னுடையதும் இல்லை. இரண்டு பேர் குடலையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்துக்கொண்டு அவிழ்க்கப் பயந்து திரிந்தார். பங்குனியில் ஒருநாள் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாலு மாதம் ஆயிற்று. வீடு சுப்பிரமணியபுரத்தில், சைக்கிள் மிதித்தால் பத்து நிமிஷம். போகவில்லை. போன் நம்பர் இருக்கிறது. போடவில்லை. இழவு என்றால் தகவல் வந்திருக்கும், வரவில்லை, அப்படியென்றால் நன்றாக இருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு இதுவா கணக்கு, த்தூ.

பத்து நாற்பது. கேண்டீனிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. சீனியம்மாள் அவர் முட்டியில் கையை வைத்தாள். ஆஸ்பத்திரி என்றால் அவளுக்குக் கை சில்லிட்டுப்போகும், ஆனாலும் வைத்தாள். "ஒண்ணும் இருக்காதுங்க. நீங்க திங்காத கம்பா?" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் அதை நம்புகிறாள். அந்த போர்டை அவள் தினமும் சேலைத் தலைப்பால் துடைக்கிறவள். அப்போது ஜெபா சிஸ்டர் அட்டையோடு வந்தாள். "ஐயா, கடைசியா போனது தண்ணி மாதிரி போச்சா? கசடு ஏதும் இருந்துச்சா?" அவர் வாயைத் திறப்பதற்குள் சீனியம்மாள் சொன்னாள், "தெளிஞ்சிருச்சும்மா." "மூணு நாளும் என்ன சாப்பாடு?" "வெள்ளச்சோறும் மோரும். நாந்தான் வடிச்சுக் குடுத்தேன்" என்றாள், மெடல் வாங்கப் போகிறவள்போல. சிஸ்டர் எழுதிக்கொண்டாள். அவருடைய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அந்தக் கம்புத் தோலைப்போலவே. சொல்லு, இப்போது சொல்லு. சிஸ்டர் பேனாவை மூடிவிட்டாள். "எந்திரிங்க ஐயா, கூப்பிடுதாக."

உள்ளே இன்னும் குளிர். உயரமான கட்டில், பக்கத்தில் டிவி பெட்டி, அதில் இன்னும் படம் வரவில்லை, நீலமாக இருந்தது. இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார்கள், முட்டியை வயிற்றோடு மடக்கச் சொன்னார்கள். புறங்கையில் ஊசியைக் குத்தி ஒட்டினார்கள். சுவரில் இங்கேயும் ஒரு கடிகாரம், பதினொன்றாக நாலு நிமிஷம். இந்நேரம் கடையில் என்ன நடக்கும், ஒன்றும் நடக்காது, சொந்த வேலை காரணமாக விடுமுறை என்று எழுதிப் போட்டுவிட்டு வந்தார். முன் மேசை வெறுமனே கிடக்கும். எதிர் நாற்காலியும். டாக்டர் முகைதீன் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தார். "ஐயா, தூக்கத்துக்கு மருந்து குடுக்கேன். முழிச்சுப் பாக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்." முடிஞ்சிருக்கும். தூங்கி எழுந்தால் ஒன்றுமில்லை என்பார். வீட்டுக்குப் போகலாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு முன் மேசையில் உட்கார்ந்து, பார், உள்ளே விளக்குப் போட்டுப் பார்த்தார்கள், கண்ணாடி மாதிரி இருந்ததாம், கம்பின் மகிமை என்று சொல்லலாம். நாலு பேர் கேட்பார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தன் துடைத்த கையையே மறுபடியும் துடைத்துக்கொண்டு நிற்பான். ரத்தம் போகுது அண்ணாச்சி என்பான். கம்பு பாத்துக்கிடும் என்று சொல்லுவோம். சொல்லாமல் இருப்போமா? சொல்லுவோம். சிஸ்டர் ஊசி மருந்தைக் கையில் எடுத்துவிட்டாள். "சார்" என்றார் அய்யலுசாமி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சார், நான் கம்பு தின்னுட்டேன். மூணு நாளும். நேத்துங்கூட. உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கு சார், நான் பாத்தேன். தெளிஞ்சிருச்சுன்னது பொய்."

டாக்டர் கோபப்படவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார், அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. "நல்லவேளை சொன்னீங்க. தோலு ஒட்டியிருந்தா சின்னக் கட்டியெல்லாம் எங்க கண்ணுக்குத் தப்பிரும் ஐயா. பாத்தும் பாக்காததுதான்" என்றார். இன்றைக்கு வேண்டாம், வியாழக்கிழமை வரலாம், அதுவரைக்கும் வெள்ளைச்சோறு, சத்தியமாக வெள்ளைச்சோறு. அய்யலுசாமி முட்டியை மடக்கியபடியே படுத்திருந்தார். "சார், இன்னொருத்தருக்கும் பாக்கணும். அறுபத்தஞ்சு வயசு. எனக்கு முன்னாலயே ரத்தம். டாக்டர்ட்ட போகாதீங்கன்னு நாந்தான் சொன்னேன்." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் கையுறையைக் கழற்றினார். பிறகு, "நாளைக்கு வந்து காட்டச் சொல்லுங்க. இன்னிக்கிருந்தே பத்தியத்தையும் ஆரம்பிக்கச் சொல்லுங்க, முடிஞ்சா உங்களோடயே பாத்துரலாம்" என்றார்.

வெளியே வந்து சொன்னபோது சீனியம்மாள் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினாள். "முன் மேசையிலயா தின்னீக? என் சோத்த வாங்கிப் பின்கட்டுல வச்சுக்கிட்டு?" என்றாள். "நாலு பேரு என்ன நினைப்பாகன்னு தின்னீகளாக்கும். ஊருக்குத்தான் உபதேசம். நான் ஒருத்தி இருக்கனே, நான் என்ன நினைப்பேன்னு இல்லையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவருக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. "நாளைக்கும் நாளான்னைக்கும் பதினோரு மணிக்கு உக்காருவேன், சீனி. முன் மேசைலதான். நீ வெள்ளச்சோறு கொண்டா." "கேப்பாகளே." "கேக்கட்டும். போர்டையும் அழிக்கச் சொல்லணும்." அவர் கையை நீட்டியதும் அவள் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். தேடி எடுத்த பேர் கண்டக்டர் அண்ணே என்று இருந்தது. அமுக்கினார். மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எடுக்கப்போவது அவர் மகளாக இருந்தால், அப்பா இல்லையே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டால். ஆறு, ஏழு.

"யாரு, அய்யலுவா?" அந்தக் குரல்தான். மெலிந்திருந்தது, ஆனால் அந்தக் குரல்தான். அய்யலுசாமி பக்கத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ரத்தம் நின்னுச்சா?" தவசிலிங்கம் தொண்டையைச் செருமினார். "நிக்கலய்யா. கூடத்தான் செய்யுது. ஒம்மேல தப்பில்ல, நாந்தான் பத்தியம் ஒழுங்கா இருக்கல. மகன் வந்தப்ப ரெண்டு மூணுவாட்டி புரோட்டா தின்னுட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒம் முன்னால வந்து உக்கார? அதான் வரல." நாலு மாதம் அந்த மனுஷன் இதற்காகவா வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். சீனியம்மாள் அய்யலுசாமியின் முதுகில், கவுனின் திறந்த இடத்தில், சில்லிட்ட உள்ளங்கையை வைத்தாள். "அண்ணே, தப்பு பூரா எம்மேல. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல திருநெல்வேலிக்குப் போறோம், நான் கூட்டிட்டுப் போறேன். டியூப் விட்டுத்தான் பாக்கணுமாம். எனக்கும் விடப்போறாக." "ஒமக்கா? ஒமக்கு எதுக்கு?" "எனக்கும் எட்டு மாசமா போகுதுண்ணே." "கம்பு தின்ன பொறவுமா?" என்றார் தவசிலிங்கம். "கம்பு தின்ன பொறவுந்தாண்ணே." "அப்ப என்னதான்யா திங்க?" எதிரே கடிகாரத்தில் பதினொன்று இருபது ஆகியிருந்தது. "இன்னிக்கிருந்தே வெள்ளச்சோறு. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கடைக்கு வாங்க, சேந்தே உக்காருவோம்" என்றார் அய்யலுசாமி. "முதல்ல நான் திங்கேன். அப்புறம் நீங்க தின்னுங்க."